மூன்றாவது தட்டு

"முளைச்சுதா?"

சாயங்காலம் நாலே முக்காலுக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே ஜன்னலோரக் கட்டிலிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் வந்த கேள்வி. அவளும் பையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "இன்னும் இல்லீங்க" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கு நாளும் அதையேதான் சொல்லியிருந்தாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை.

வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் தாவரவியல் பூங்காவின் ஊழியர் குடியிருப்பில் அந்தத் தம்பதி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் உலர்தாவரக் கூடத்தில் வேலை செய்பவன். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, எண் போட்டு, அலமாரியில் அடுக்குவது என் வேலை. கட்டிலில் கிடந்தவர் எங்களுக்கு விதை சேகரித்துக் கொண்டுவருபவர். எப்போதும் நுனியில் கொக்கி வைத்த துறட்டியும் தோளுமாக அலைவதால் தோட்டத்தில் அவருக்குக் கொக்கி என்று பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

அவர் மனைவி விதைக்கூடத்தில் பதினோரு வருஷமாக முளைப்புப் பரிசோதனை பார்க்கிறவள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு: கட்டம்மா. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வெளியூரிலிருந்து விதை கொண்டுவந்த ஆய்வாளர் ஒருவர் 'சேகரித்த இடத்தின் உயரம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் கிளம்பிவிட்டார் என்று, படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை ஓடியவள். பேருந்து புறப்பட்டுவிட்டது. ஜன்னல் வழியாக அவர் எண்ணைக் கத்த, இவள் ஓடிக்கொண்டே எழுதினாளாம்.

இனி அந்த மரம். எங்கள் அலமாரியில் அதற்கு மூன்றே மூன்று தாள்கள். மூன்றும் என் அப்பா பிறப்பதற்கு முன் சேகரித்தவை. அதற்குப் பிறகு அதை உயிரோடு பார்த்ததாக யாரும் எழுதவில்லை. கொக்கி பார்த்தார். இரண்டு நாள் நடக்க வேண்டிய ஒரு பள்ளத்தாக்கில், ஓடையோரமாக, ஒற்றை மரம். ஏழு வருஷம் விடாமல் போய்ப் பார்த்தார். ஏழாவது வருஷம்தான் காய்த்தது, அதுவும் ஒரே கிளையில். ஏறினார். கடைசிக் கொத்தைப் பைக்குள் போடும்போது கிளை முறிந்தது. இருபத்தெட்டு அடி. தொடை எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போடும்வரை பையை விரலைப் பிரித்து வாங்க முடியவில்லை என்று. காய்த்த ஒரே கிளையும் அவரோடு விழுந்துவிட்டது. இனி அது எப்போது காய்க்கும், காய்க்குமா என்பதே தெரியாது.

பையில் அறுபத்திரண்டு விதைகள் இருந்தன. சில விதைகளைக் காயவைத்து உறைபெட்டியில் போட்டால் நூறு வருஷம் கிடக்கும். இது காய்ந்தாலே சாகிற ரகம். அதனால் எதையும் சேமித்து வைக்க வழியில்லை. முதல் நாளே இரண்டை வெட்டி உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். மீதி அறுபதையும் தட்டுக்கு இருபதாக மூன்று கண்ணாடித் தட்டுகளில், ஈரத்தாளின்மேல் அடுக்கி, கண்ணாடிக் கதவு போட்ட முளைப்புப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

முளைப்புப் பரிசோதனைக்கு ஒரு முறை உண்டு. தினமும் காலையில் தட்டைத் திறந்து பார்க்க வேண்டும். முளைத்ததை எடுத்துவிட வேண்டும். தொண்ணூறாம் நாள், முளைக்காமல் கிடப்பதை வெட்டிப் பார்த்து எழுதிவிட்டுப் பரிசோதனையை முடிக்க வேண்டும். உள்ளே சாம்பல் நிறக் கூழாக இருந்தால் செத்தது. உரித்த பாதாம்போல வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. பெரும்பாலும் கூழாகத்தான் இருக்கும். எப்படி இருந்தாலும், வெட்டிய விதை பிறகு முளைக்காது.

கூடத்தின் தலைமை, டாக்டரம்மா, அப்போது மூன்று வாரம் மலை முகாமுக்குப் போயிருந்தார். தொலைபேசி எட்டாத இடம். "பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை தொண்ணூறாம் நாள். கட்டம்மா படிவத்தை விரித்தாள், சவர பிளேடை எடுத்தாள், முதல் தட்டைத் திறந்தாள்.

வெள்ளை.

இருபதும் வெள்ளை. எழுதினாள். இரண்டாவது தட்டைத் திறந்தாள். இருபதும் வெள்ளை. அதையும் எழுதினாள். மூன்றாவது தட்டின் மூடியைத் தூக்கியபோதுதான் கை நின்றது. ஏன் அப்போது நின்றது, ஏன் முன்பே நிற்கவில்லை என்று பிறகு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மூடியைத் திரும்ப வைத்தாள். தட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அந்த ஸ்டூலிலேயே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அது காற்றுக் காலம். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வரும், ஒரு சொட்டும் விழாது. மரங்களில் தொங்கும் பெயர்த்தகடுகள் நாளெல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அவள் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை பெட்டியைத் திறந்து பார்த்தாள். அடிக்கடி திறந்தால் உள்ளே சூடு குறைந்து மணி அடிக்கும். அந்த மணிச் சத்தம் என் கூடம்வரை கேட்டது. வீட்டில் பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள். கட்டிலில் அவரும் அதற்குக் குறைவில்லை. முதல் தடவை எலும்பு சரியாகக் கூடாமல், மறுபடி பிரித்துக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுக்குள் அரிப்பு. செடி அழுத்தும் சட்டத்திலிருந்து உருவிய ஒரு மூங்கில் சிம்பை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டே, ஜன்னல் வழியாக விதைக்கூடத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வீட்டில் மூன்றாவது ஆள் ஒருத்தி உண்டு. அவருடைய தங்கை. தோட்டத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக்காட்டிப் பாடம் சொல்வது அவள் வேலை. இடுப்பில் சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அலைவதால் அவள் பெயர் மைக்கு. பக்கத்து வரிசையில் இருக்கிறாள். சாயங்காலச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். அண்ணன் விழுந்த கதையைத்தான் மூன்று மாதமாகத் தினம் மூன்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். விதைக்கூடத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, "அதோ பாருங்க, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற அறுபது விதைக்காக என் அண்ணன் உயிரையே பணயம் வெச்சாரு" என்பாள். முதல் மாதம் முப்பது அடி. அடுத்த மாதம் நாற்பது. போன வாரம் நான் காதால் கேட்டேன், அறுபது.

அன்று வெள்ளிக்கிழமை அவளும் வந்து சேர்ந்தாள். சோறும் கீரையும் அவித்த முட்டையும். கட்டம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுத் தட்டை வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னிக்கு எத்தனை அடியிலேருந்து விழுந்தேன்?" என்றார் கொக்கி.

"அறுபத்தஞ்சு."

"இன்னும் ரெண்டு வாரம் போனா மேகத்துலேருந்து விழுவேன்போல."

"போண்ணா. இருபத்தெட்டுன்னு சொன்னா பசங்க கொட்டாவி விடுதுங்க. எங்க ஸ்கூல் மாடியே அதைவிட ஒசரம்னு ஒண்ணு சொல்லுது. அறுபதுன்னா வாயைப் பொளந்துட்டுக் கேக்குதுங்க. கேட்டாத்தானே மரத்தைப் பத்தி மண்டையில ஏறும்?"

"பொய் சொல்லி ஏத்துற பாடம்."

"அடி மட்டும்தான் பொய். மீதியெல்லாம் நிஜம்." சோற்றைப் பிசைந்தவள் நிமிர்ந்தாள். "அண்ணி, கேக்கணும்னு இருந்தேன். மூணு தட்டு இருந்துச்சே? இன்னிக்கு ஒண்ணுதான் இருந்துது. ஒரு வாலு கண்ணாடியில மூக்கை ஒட்டவெச்சு எண்ணிட்டா. 'மிஸ், அறுபதுன்னீங்க, இருபதுதான் இருக்கு'ங்கிறா. என் மானமே போச்சு."

கரண்டி சோற்றுப் பானைக்குள்ளேயே நின்றது.

கொக்கிதான் முதலில் பேசினார். "வேற பெட்டிக்கு மாத்தினியா?"

தப்பிக்க அவரே ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா வரும்வரை இன்னும் மூன்று நாளைத் தள்ளியிருக்கலாம்.

"வெட்டிட்டேன்" என்றாள்.

"எதை?"

"ரெண்டு தட்டு. திங்கக்கிழமை தொண்ணூறு நாள் முடிஞ்சுதுங்க."

மைக்கு வாயில் வைத்த கவளத்தோடு அப்படியே இருந்தாள். சுவருக்கு இந்தப்பக்கம் நான் பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடினேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் கேட்டுவிட்டது. என் கண்ணில் படாததை மைக்கு பிறகு சொன்னாள்.

"அழுகிப்போச்சா?"

"இல்லீங்க."

"காலி விதையா?"

"இல்லீங்க. வெள்ளை. எல்லாமே வெள்ளை. கெட்டியா இருந்துச்சு."

வெளியே தகடுகள் அடித்துக்கொண்டன. அவர் மூங்கில் சிம்பை மெதுவாகக் கட்டுக்குள்ளிருந்து உருவிப் போர்வைமேல் வைத்தார். அடுத்த கேள்விகளை, துறட்டியால் ஒவ்வொரு காயாகப் பறிப்பதுபோல, அவசரமில்லாமல் கேட்டார்.

"முதல் விதையே வெள்ளையா இருந்துச்சா?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டாவதை ஏன் எடுத்த?"

"ஒண்ணு வெச்சு எதுவும் சொல்ல முடியாதே."

"சரி. ரெண்டாவதும் வெள்ளை. மூணாவதும் வெள்ளைன்னு வெச்சுக்க. நாலாவதை ஏன் எடுத்த? நாப்பதாவதை ஏன் எடுத்த?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சொன்னது இவ்வளவுதான்:

"கட்டம் இருந்துச்சுங்க. தட்டுக்கு இருபது."

கொக்கி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தொடங்கியது சிரிப்பாகத்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணி, நான் இனிமே பசங்ககிட்ட என்னத்தைச் சொல்றது?" என்று மைக்கு அழ ஆரம்பித்தாள்.

"நீ கொஞ்சம் வாயை மூடுறியா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "தட்டை எடு. எனக்கு வேணாம்."

"ரெண்டு வாய்..."

"எடுன்னேன்."

சனிக்கிழமை அவர் எதுவும் பேசவில்லை. ஞாயிறு காலை சுவரில் தட்டினார். போனேன். அவள் விடுமுறை நாளிலும் கூடத்துக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, அந்த மரத்தோட பழைய தாள் மூணு இருக்குல்ல, அதுல காய் ஏதும் ஒட்டியிருக்கா?"

"நூறு வருஷம் இருக்குமே தம்பி. இருந்தாலும் அது எங்க முளைக்க?"

"இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

கூடத்தைத் திறந்து, அலமாரியிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து விளக்கின்கீழ் பார்த்தேன். தாளின் மூலையில் உதிர்ந்ததைப் போட்டு வைக்கும் காகிதப் பொட்டலங்களையும் பிரித்துத் தேடினேன். திரும்பி வந்து, "பூ மட்டும்தான்" என்றேன். தலையாட்டினார். அவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கிடக்க முடியாமல் என்னை ஓடவிட்டிருக்கிறார்.

"எனக்கு அவமேல கோவமான்னு எனக்கே தெரியலண்ணே" என்றார். "அவ எப்பவும் அப்படித்தான். அப்படி இருக்கிறதாலதான் பதினோரு வருஷமா ஒரு எண்ணு மாறினதில்ல. நான் கொண்டுவர்ற ஒவ்வொரு பையும் அவ கைக்குப் போனா பத்திரம்னுதான் நான் பாட்டுக்கு ஏறிட்டு இருந்தேன். அந்தக் கைதான் வெட்டுச்சு. இதை நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். செம்மண் ஒட்டிய காலணியோடு நேராக விதைக்கூடத்துக்குத்தான் போனார். ஒளித்து வைக்க அவளுக்கும் தெம்பில்லை. படிவத்தை நீட்டிவிட்டு நின்றாள். நடந்ததை அன்று சாயங்காலமே கணவரிடம் அவள் சொன்னாள். சுவர் எனக்கும் சொன்னது.

டாக்டரம்மா படிவத்தை இரண்டு தடவை படித்தாராம். "முதல் அஞ்சோட நிறுத்தியிருக்கணும்மா" என்றாராம். பிறகு கொஞ்சம் பொறுத்து, "இந்த மாதிரி விதைக்குத் தொண்ணூறு நாள் கணக்கு வேணாம்னு எழுதிவெச்சிட்டுப் போகாதது என் தப்பு" என்றாராம். அப்புறம்தான் கேட்டிருக்கிறார்: "வெட்டின துண்டெல்லாம் எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

தூக்கிப்போடுகிற ஆளா அவள்? நாற்பது விதையையும் நாற்பது சின்னக் குப்பியில், ஸ்பிரிட்டில் போட்டு, எண் ஒட்டி வைத்திருந்தாள். முதல் நாள் வெட்டிய இரண்டும்கூட அப்படியே இருந்தன. டாக்டரம்மா ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின்கீழ் வைத்து, நடுவிலிருக்கும் கருவை அளந்தார். அவள் எழுதினாள்.

"முதல் நாள் வெட்டினதுல கரு ஒரு புள்ளிங்க. ஊசி முனை. நான் வெட்டினதுல விதையில பாதி நீளத்துக்கு வந்திருக்கு. எனக்கு அது தோணவே இல்ல. வெள்ளையா, கூழா, அதை மட்டும்தான் பாத்தேன்."

"அப்படின்னா?" என்றது அவர் குரல். மூன்று நாளில் அவளிடம் பேசிய முதல் சொல்.

"அது தூங்கவும் இல்ல, சாகவும் இல்லன்னாங்க. உள்ளுக்குள்ளயே வளந்துட்டு இருந்திருக்கு. வெளிய வர இன்னும் மூணு மாசமோ, நாலு மாசமோ. மிச்சம் இருபதும் அப்படித்தான் இருக்கும்னாங்க."

"நாப்பதும் வந்துட்டு இருந்திருக்கு."

"ஆமாங்க. வந்துட்டு இருந்ததைத்தான் வெட்டியிருக்கேன்."

பிறகு அவளே சொன்னாள். "வேற யாராவது அந்தத் தட்டைப் பாத்துக்கட்டும்னு சொன்னேங்க. டாக்டரம்மா ஒத்துக்கல. படிவத்துல தொண்ணூறுன்னு இருந்ததை அடிச்சிட்டாங்க. 'முடிவு நாள்'ங்கிற கட்டத்துல என்ன எழுதணும்னு கேட்டேன். ஒண்ணும் எழுதாத, அப்படியே விடுன்னாங்க."

"விட்டியா?"

"விட்டேன்."

"கஷ்டமா இருந்துச்சா?"

அவள் அழுதாள். அந்த எட்டு நாளில் அவள் அழுததை அப்போதுதான் கேட்டேன். அவர் வா என்றோ போகட்டும் என்றோ சொல்லவில்லை. "நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போ. என் கண்ணால பாக்கணும்" என்றார்.

குடியிருப்பில் சக்கர நாற்காலி கிடையாது. நாற்றுக்கூடத்தில் தொட்டிகளை ஏற்றும் தட்டுவண்டி இருந்தது. அதன்மேல் ஒரு மெத்தையைப் போட்டு, அவரை உட்காரவைத்து, காலை நீட்டிக் கட்டி, செவ்வாய்க்கிழமை காலை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பணியாளர்கள் கேலி. "எந்த நிழல்ல வெக்கணும்ணே?" "தினம் தண்ணி ஊத்தணுமா, வாரத்துக்கு ஒரு தடவையா?" அவரும் சிரித்துக்கொண்டே, "வேர் அறுந்துபோச்சுடா, பாத்துத் தள்ளுங்க" என்றார். ஆனால் வண்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்த அவர் விரல்களில் ரத்தமே இல்லை.

வண்டி கூடத்துக்குள் போகாது. வெளியே கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நிறுத்தினேன். உள்ளே அவள் கையுறை மாட்டி, முளைப்புப் பெட்டியைத் திறந்து, தட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்தாள். ஈரத்தாளின்மேல் இருபது விதைகள். பழுப்பு நிறம், சுண்டைக்காய் அளவு. முளை எதுவுமில்லை. அவர் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணினார்.

அப்போதுதான் பின்னால் ஒலிபெருக்கி கரகரத்தது. மைக்கு ஒரு பள்ளிக்கூடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிள்ளைகள் முப்பது முப்பத்தைந்து பேர் அதற்குள் கண்ணாடியையும் வண்டியையும் சூழ்ந்துவிட்டார்கள்.

"மிஸ், இவர்தானா மரத்துலேருந்து விழுந்தவரு?"

"ஆமா" என்றாள் மைக்கு. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டாள். "இருபத்தெட்டு அடி."

"நீங்க அறுபது சொன்னீங்களே!"

"அது... தப்பா சொல்லிட்டேன்."

"விதையும் அறுபது சொன்னீங்க."

மைக்கு அண்ணனைப் பார்த்தாள். கொக்கி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார். மூச்சுப்பட்ட இடம் வட்டமாகப் புகைந்திருந்தது.

"அறுபதுதான் இருந்துச்சு" என்றார் பிள்ளைகளிடம். "நாப்பதை வெட்டிட்டோம். உள்ள உயிர் இருக்கான்னு பாக்க."

"இருந்துச்சா?"

"எல்லாத்துலயும் இருந்துச்சு."

"அப்ப அது செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சு."

பிறகு பல்லில் இடைவெளி விட்ட ஒரு சிறுமி முன்னால் வந்து, யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"யாரு வெட்டினது?"

அது தடித்த கண்ணாடி. உள்ளே நின்றவளுக்கு இது எதுவும் கேட்டிருக்காது. எங்கள் வாய் அசைவதை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தட்டோடு அசையாமல் நின்றாள்.

கொக்கி கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ, உள்ள நிக்கிறாங்களே, அவங்க. மீதி இருபதையும் அவங்கதான் பாத்துக்கப்போறாங்க. அவங்க கணக்கு ஒரு நாளும் தப்பாது. எப்ப முளைக்கும்னு எங்க யாருக்கும் தெரியாது. அதனால தினம் காலையில வந்து பாப்பாங்க. ஞாயித்துக்கிழமைகூட."

"அவங்க உங்களுக்கு யாரு?"

"என் வீட்டுக்காரம்மா."

அந்தச் சிறுமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பக்கத்திலிருந்தவன் ஆட்டினான். அதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும், காரணம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், எம்பி எம்பிக் கையை ஆட்டினார்கள்.

கணவர் தன்னைக் காட்டிச் சொன்னது என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது. ஒரு கையை எடுத்தால் தட்டு சாயும். இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி, முதலில் அவர் முகத்தையும் பிறகு அத்தனை கைகளையும் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.